பூட்டி முடித்தாயிற்று, வேலை செய்யவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் முறை

திருகோணமலையில் மின்சாதனம் திருத்தப் பழகும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். மேசையில் ஒரு ஃபேனோ அயனோ பிரித்தபடி கிடக்கும். அடுத்து எதைத் தொடுவதென்று தெரியாது. அந்த நேரத்தில் உங்கள் முன்னால் நிற்கும் அறிகுறியைத் தேடி, அந்த இடத்திலிருந்தே வாசியுங்கள்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். பாகத்தைச் சந்தேகிக்க முன் இணைப்பைச் சந்தேகியுங்கள். வாடைக் காலத்தில் காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வருகிறது. உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்க வீடுகளில் சுவிட்சுக்குள்ளும் பிளக்குக்குள்ளும் அந்த உப்பு போய்ப் படியும். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும், இரும்பு ஸ்குரூ துருவேறி வீங்கும், பித்தளைக் கிளிப் பிடிமானம் இழக்கும். கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் சாமானைத் திறந்தால் தூசியும் எறும்புக் கூடும் இருக்கும்; கரையோரத்துச் சாமானைத் திறந்தால் களிம்புதான். ஆகவே புதுப் பாகம் வாங்கக் கடைக்குப் போக முன், ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பாருங்கள், விரலால் இழுத்துப் பாருங்கள், மீட்டரால் அளந்து பாருங்கள்.

திறக்க முன் பிளக்கைக் கழற்றி, அது உங்கள் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். சுவிட்சை நிறுத்தியது மட்டும் போதாது. மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றப்பட வேண்டும். மழை நாளில் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று வேலை செய்யாதீர்கள். அறையில் இன்னொருவர் இருப்பது நல்லது.

முதலில் கட்ட வேண்டியது: சீரிஸ் பல்ப்

பழகுகிறவர் தன் கையால் கட்டும் முதல் சாமான் இதுவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பலகை, ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பொயின்ட், 1 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர், இவ்வளவுதான். லைவ் வயர் (மின் வரும் வயர்) சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பல்ப்புக்குப் போய், பல்ப்பிலிருந்து பொயின்டின் லைவ் முனைக்கு வர வேண்டும். நியூட்ரலும் (மின் திரும்பும் வயர்) ஏர்த்தும் (நிலத்துக்குப் போகும் வயர்) நேரே பொயின்டுக்கு. பல்ப் 100 வாட் இழை பல்ப்பாக இருக்கட்டும், ஹலோஜனும் சரி. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. அதற்குள் இழை இல்லை, தனி மின்சுற்றுத்தான் இருக்கிறது.

திருத்திய சாமானை முதன்முதலில் இந்தப் பொயின்டில் போடுங்கள். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தாலும் பல்ப் எரியும், அவ்வளவுதான். 230 வோல்ட்டில் 100 வாட் பல்ப் வழியாக அரை அம்பியர்கூடப் போகாது. ஃபியூஸ் வெடிக்காது, வயர் உருகாது, உங்களுக்கும் நெஞ்சு பதறாது. ஷொக் அடிப்பதை இது தடுக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"சீரிஸில் போட்டால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியுது"

ஃபேன், ரேடியோ, சார்ஜர் போன்றவற்றில் இப்படி எரிந்தால் ஷோர்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். அயனிலும் கேத்தலிலும் அப்படி முடிவெடுக்கக் கூடாது. கணக்கைப் பாருங்கள். 1000 வாட் அயனின் எலிமென்ட், அதாவது சூடாகும் கம்பிச் சுருள், ஏறத்தாழ 53 ஓம். எரியும் 100 வாட் பல்ப்போ 529 ஓம். இரண்டும் சீரிஸில் நிற்கும்போது வோல்ட்டில் பெரும்பங்கு பல்ப்புக்கே போகும், அயன் நல்லதாக இருந்தாலும் பல்ப் பளிச்சென்று எரியும். ஆகவே சூடாக்கும் சாமானுக்கு மீட்டரைப் பாவியுங்கள். பிளக்கின் லைவ், நியூட்ரல் பின்களுக்கு இடையே ஓம் அளவில் 50க்குக் கிட்டக் காட்டினால் அயன் எலிமென்ட் சரி. 2000 வாட் கேத்தலுக்கு 26 ஓம் அளவு வரும். பூச்சியம் காட்டினால்தான் ஷோர்ட். எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது: எலிமென்ட், தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் அறுவது), தெர்மோஸ்டாட் (சூட்டை மட்டுப்படுத்துவது), வயர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போங்கள். அளக்க முன் தெர்மோஸ்டாட் குமிழைச் சூடான பக்கம் திருப்பி வையுங்கள். அது "ஓஃப்" நிலையில் இருந்தால் நல்ல அயனும் அறுந்தது போலக் காட்டும்.

"டெஸ்டர் எரியுது, சாமான் வேலை செய்யுதில்லை"

நியோன் டெஸ்டர் எரிந்தால் லைவ் வந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். நியூட்ரல் அறுந்திருந்தாலும் அது எரியும். பக்கத்து வயரிலிருந்து தூண்டப்பட்ட மின்னுக்கும் மங்கலாக எரியும். டிஜிட்டல் மீட்டரும் இப்படித்தான். எங்கும் இணைக்கப்படாத வயரில் 60, 80 வோல்ட் என்று பொய்க்கணக்குக் காட்டும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்து 230க்குக் கிட்ட இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நியூட்ரல் இணைப்புகளைத் தேடுங்கள்.

மின் இல்லை என்று உறுதி செய்யும்போது ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் மின் இருப்பது தெரிந்த பொயின்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள், அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில், அப்புறம் மறுபடி தெரிந்த பொயின்டில். நடுவில் மீட்டரே செத்திருந்தால் அந்த மூன்றாவது அளவில் தெரிந்துவிடும். மீட்டரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதில் இருக்க வோல்ட் அளக்கப் போனால் மீட்டர் வழியாகவே ஷோர்ட் அடிக்கும்.

"ஈயம் ஒட்டுதில்லை, உருண்டு விழுது"

சோல்டரிங் அயனால் ஈயம் உருக்கி வயரை ஒட்டும் வேலையில், பழகுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் மாட்டுப்படும் இடம் இது. மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலாவது, அயன் முனை. கருத்த முனையில் ஈயம் பிடிக்காது, சூடும் கடத்தாது. ஈரப் பஞ்சில் துடைத்து உடனே ஈயம் பூசுங்கள். வேலை முடிந்து அயனை நிறுத்த முன்னும் முனையில் கொஞ்சம் ஈயம் விட்டு வையுங்கள். உப்புக்காற்றில் வெறும் முனை ஒரு கிழமை கிடந்தாலே கருத்துவிடும்.

இரண்டாவது, வயர். மீன்பிடிப் படகிலிருந்து வரும் 12 வோல்ட் விளக்கு வயரைச் சீவினால் செம்பு நிறத்துக்குப் பதிலாகக் கறுப்பும் பச்சையுமாக இருக்கும். உப்புத்தண்ணீர் இழைகளுக்கு இடையால் ஊறி உள்ளே ஏறியிருக்கிறது. அதன்மேல் எவ்வளவு ஈயம் வைத்தாலும் ஒட்டாது. இன்னும் ஓர் அங்குலம் வெட்டுங்கள், சீவிப் பாருங்கள். பளிச்சென்ற செம்பு வரும்வரை பின்னால் போங்கள். ஒரு சாண் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் வயரை மாற்றுவதுதான் வழி. படகு வேலைக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள். பூட்டிய முனைகளில் வசிலின் தடவினால் ஈரம் அண்டாது.

மூன்றாவது, கை. ஈயத்தை அயன் முனையில் உருக்கி, அதைக் கொண்டுபோய் வயரில் அப்பக் கூடாது. முனையை வயரும் தகடும் சேரும் இடத்தில் வைத்து, இரண்டும் சூடாக இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். பிறகு ஈயக் கம்பியை எதிர்ப்பக்கமிருந்து இணைப்பில் தொடுங்கள். தானாக ஓடிப் பரவ வேண்டும். 60/40 ஈயம் 183 பாகையிலிருந்து உருகத் தொடங்கும், ஈயமற்ற வகைக்கு 217 வேண்டும். அதனால் ஒரே அயனில் ஒன்று ஓடும், மற்றது முரண்டு பிடிக்கும். ஈயத்தை எடுத்து அயனை விலக்கிய பிறகு வயரை அசையாமல் பிடியுங்கள். ஆறும்போது அசைந்தால் மேற்பரப்பு மங்கலாக, மணல்மணலாக இருக்கும். அந்த இணைப்பு இன்று வேலை செய்தாலும் பிறகு விட்டுவிட்டு வேலை செய்து உங்களை அலைக்கழிக்கும்.

புழுக்கம் தாங்காமல் பலர் சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே இருந்து ஈயம் வைக்கிறார்கள். அந்தக் காற்று இணைப்பைச் சூடாக விடாது. யன்னலைத் திறந்து பக்கவாட்டில் புகை போக வழி செய்யுங்கள். தகரத்துக்கு ஈயம் வைக்கிறவர்கள் பாவிக்கும் அமிலப் பசையை மின்வேலைக்கு எடுக்காதீர்கள். அது செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ரோசின் (மரப்பிசின்) வகை மட்டும் போதும். சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கையில் இருப்பது ஈயம்.

"பிளக் சூடாகுது, கருகின மணம் வருது"

பிளக்கைத் திறந்து ஸ்குரூவின் கீழ் உள்ள வயரைப் பாருங்கள். இழைகளுக்கு ஈயம் பூசி இறுக்கியிருந்தால் காரணம் அநேகமாக அதுதான். ஈயம் வைத்தால் உறுதி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் ஈயம் மென்மையானது, ஸ்குரூ அழுத்த அழுத்த மெல்ல நசுங்கி விலகும். சில மாதத்தில் ஸ்குரூ தளர்ந்து, தளர்ந்த இடம் சூடேறி, சூட்டில் இன்னும் தளரும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் இழைகளை முறுக்கி மடித்து இறுக்குங்கள். குழாய் முனை போட்டு நசுக்கினால் இன்னும் நல்லது.

பிளக்குக்குள் ஏர்த் வயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தால் லைவ் முதலில் கழன்று ஏர்த் கடைசியில் கழல வேண்டும். கிளாம்ப் வெளி உறையைப் பிடிக்க வேண்டும், உள் வயர்களைப் பிடிக்கக் கூடாது. ஃபேனுக்கு 3 அம்பியர் ஃபியூஸ், அயனுக்கு 13. பழைய வீடுகளில் உருண்டைப் பின் 5, 15 அம்பியர் பொயின்டுகளும் புதிய சதுரப் பின் பொயின்டுகளும் கலந்து கிடப்பதால் நடுவில் ஒரு அடாப்டர் செருகுகிறார்கள். பிளக் நல்லதாக இருந்தும் சூடு வந்தால் அந்த அடாப்டரைப் பாருங்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். புதிய வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். நிறத்தை நம்பிப் பூட்டாமல் அளந்து பூட்டுங்கள்.

"ஃபேன் உறுமுது, சுத்துதில்லை"

திருக்கடலூரிலிருந்து ஓர் அக்கா ஸ்டான்ட் ஃபேன் ஒன்று கொண்டுவந்தார். "இறுகிப் போச்செண்டு தேங்காயெண்ணெய் விட்டனான் தம்பி, ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு" என்றார். திறந்தால் தண்டைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகாகக் கட்டியிருந்தது. இது எங்கள் ஊரில் அடிக்கடி வரும் பழுது, ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

பிளக்கைக் கழற்றி, இறக்கையை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். பல சுற்றுச் சுற்றி மெல்ல நின்றால் தண்டு சரி. அரைச் சுற்றில் நின்றால் தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கிறது. அப்படியானால் மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கப்பாசிட்டரைத் தொடாதீர்கள், பிழை அங்கில்லை. மோட்டரைத் திறந்து தண்டையும் புஷ்ஷையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், நன்றாக உலர விடுங்கள், தண்டைச் சுற்றியுள்ள கம்பளித் திரியில் மெல்லிய மெஷின் ஒயில் சில துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது தூசியோடு சேர்ந்து மெழுகாகக் கட்டும். துரு கழற்றும் ஸ்பிரேயும் வேண்டாம். அது துருவைக் கழற்றும், மசகாக நிற்காது.

தண்டு இலகுவாகச் சுற்றியும் மின் கொடுத்தால் உறுமுகிறதா? முன் வலை பூட்டியபடியே, வலைக்கு வெளியிலிருந்து ஒரு மரக்குச்சியால் இறக்கையை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பக்கம் சுற்றத் தொடங்கி, நிறுத்தி மறுபக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் சுற்றினால், கப்பாசிட்டர் போய்விட்டது, அல்லது அதற்குப் போகும் வயர் விட்டுவிட்டது. முதலில் வயரைப் பாருங்கள். பிறகு கப்பாசிட்டரைக் கழற்றி, இரு முனையையும் ஒரு ரெசிஸ்டரால் இணைத்து மின்னை வடித்துவிட்டு, மீட்டரின் கப்பாசிட்டர் அளவில் பாருங்கள். 1.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்க 0.9 காட்டினால் மாற்றுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட்டாகவும், வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கட்டும். பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்பது தவறு, மோட்டரின் கம்பிச் சுருளான வைண்டிங்தான் சூடாகும்.

உறுமலே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. தலை ஆடும் ஃபேனில் கழுத்தடியில் வளைந்து வளைந்து வயர் உள்ளே அறும், வெளி உறை நல்லதாகவே இருக்கும். அங்கே பிரச்சினை இல்லாவிட்டால் சுவிட்ச், அதன்பின் வைண்டிங்கோடு சேர்த்துக் கட்டியிருக்கும் தெர்மல் ஃபியூஸ். அது அறுந்திருந்தால் நேரே வயர் போட்டு இணைக்காதீர்கள். மோட்டர் எரிந்து வீடு பற்றாமல் தடுப்பதற்குத்தான் அது இருக்கிறது. புதியதற்கு ஈயம் வைக்கும்போது அந்தச் சூட்டிலேயே அதுவும் அறுந்துவிடும். ஃபியூஸுக்கும் ஈயம் வைக்கும் இடத்துக்கும் நடுவில் காலைக் குறடால் பிடித்துக்கொண்டு வையுங்கள், குறடு சூட்டை உறிஞ்சும். நசுக்கும் இணைப்பு அதைவிடப் பத்திரம்.

இறக்கையைப் பிடித்திருக்கும் முன் மூடி பல ஃபேன்களில் எதிர்ப்புரியில் இருக்கும். கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இறுகியிருக்கிறதென்று இடப்பக்கம் பலம் கொடுத்தால் மூடி உடையும்.

"சுவிட்சைப் போட ட்ரிப் விழுது"

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், போகும் மின்னையும் திரும்பும் மின்னையும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் அந்த அளவை எட்ட முன்னரே விழுந்துவிடக்கூடும். வித்தியாசமான மின் எங்கோ ஏர்த் வழியாக, அல்லது ஓர் ஆள் வழியாக, நிலத்துக்குப் போகிறது என்று அர்த்தம். ஆகவே அது தொந்தரவு செய்யவில்லை, உங்களுக்கு ஒன்றைச் சொல்கிறது.

எல்லாப் பிளக்கையும் கழற்றி, ட்ரிப்பை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதுவும் போடாமலே விழுந்தால் பிழை வீட்டு வயரிங்கில், அநேகமாக ஈரம். அது அனுமதி பெற்ற மின்பணியாளரின் வேலை, பழகுகிறவருக்குரியதல்ல. ஒரு சாமானைப் போட்டதும் விழுந்தால் அதை மேசைக்கு எடுங்கள். மீட்டரில் லைவுக்கும் உடலுக்கும் ஒன்றும் காட்டாதபோதும் ட்ரிப் விழலாம். மீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது, கசிவோ 230 வோல்ட்டில்தான் தெரிய வரும். அதற்கு 500 வோல்ட் மெகர் (கூடிய வோல்ட்டில் கசிவு பார்க்கும் மீட்டர்) வேண்டும். லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து உடலோடு அளக்கும்போது 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

மாரி முடிந்த கையோடு வரும் அயன், கேத்தல், கேக் சுடும் அவன் ஆகியவற்றில் இந்தப் பழுது கூட. எலிமென்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஒட்சைட் தூள் ஈரத்தை உறிஞ்சும். பல மாதம் பாவிக்காமல் அலுமாரியில் இருந்தால் அதுவே கசிவுக்குப் போதும். கழற்றிய எலிமென்டை நல்ல வெயிலில் காய வைத்து மறுபடி மெகரில் பாருங்கள். அளவு ஏறினால் பிழை ஈரம்தான். கச்சான் வீசும் மாதங்களில் இது சுலபம். ஏறாவிட்டால் மாற்றுங்கள்.

ஏர்த் வயரை வெட்டிவிட்டால் ட்ரிப் விழாது. சில இடங்களில் அப்படித் "திருத்தி" அனுப்புகிறார்கள். கசிவு அப்படியே இருக்க, ட்ரிப் மட்டும் வாய் மூடி நிற்கும். அடுத்து அந்த அயனை ஈரக்கையோடு தொடும் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதைச் செய்யச் சொல்லி யார் கேட்டாலும் செய்யாதீர்கள். வெட்டியபடி வரும் சாமானைக் கண்டால் முதலில் அதைச் சேர்த்துப் பூட்டுங்கள்.

"ஸ்குரூ கழலுதில்லை"

சரியான அளவுத் திருப்புளியா என்று பாருங்கள். சிறியது போட்டால் தலை வழுகும். துருவுக்கு ஊடுருவும் ஒயில் விட்டு ஓர் இரவு வையுங்கள். திருப்புளியைத் தலையில் நிறுத்திச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துரு உடையும். அதற்கும் அசையாவிட்டால் சோல்டரிங் அயனால் தலையைச் சூடாக்கி, பிறகு திருப்புங்கள். திரும்பப் பூட்டும்போது துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ போடுங்கள். இந்த ஊரில் அந்தச் சிறு செலவு வீண்போகாது.

பிளாஸ்டிக்கில் ஸ்குரூ பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். "டிக்" என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய புரியில் உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் புதுப் புரி வெட்டாது, பிளாஸ்டிக் தேயாது.

"பூட்டி முடிய ஒரு ஸ்குரூ மிச்சம்"

திரும்பத் திறக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. அடுத்த முறைக்கு: ஒரு காட்போட் மட்டையில் சாமானின் உருவத்தைக் கீறி, எந்த இடத்து ஸ்குரூவோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஃபோனில் ஒரு படம். வயர்களைக் கழற்ற முன் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள்.

"கிரைண்டரில் நெருப்புப் பொறி"

கொஞ்சம் நீலப் பொறி வழமை. வட்டமாகச் சுற்றி எரிந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சோடியாக மாற்றுங்கள். புதிய பிரஷ்ஷிலும் நிற்காவிட்டால் ஆமேச்சர் (மோட்டரில் சுற்றும் பகுதி) பழுது, வைண்டிங் செய்கிறவரிடம் கொடுங்கள்.

"பிளக்கைக் கழற்றி வெகுநேரம், ஆனாலும் அடிச்சுது"

கணினி, டிவி, சார்ஜர் ஆகியவற்றின் பவர் சப்ளையில் 230 வோல்ட் ஏசி நேராக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாகப் பெரிய கப்பாசிட்டரில் நிற்கும். பழுதான சப்ளையில் அது வடியாமல் பல நிமிடம் இருக்கும். திருப்புளியால் ஷோர்ட் அடித்து வடிக்காதீர்கள், முனை உருகும், பலகை போகும், பொறி கண்ணில் தெறிக்கும். 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு காப்பிட்ட வயர் பூட்டி வைத்து, அதன் இரு முனையையும் கப்பாசிட்டர் கால்களில் சில விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரால் டிசி அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள்.

மைக்ரோவேவ் அவனை மட்டும் பழகும் காலத்தில் திறக்கவே வேண்டாம். அதன் கப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவு நிற்கும், ஒரு தடவை தொட்டாலே உயிர் போகலாம். அதன் பிளக்கையும் ஃபியூஸையும் வெளியிலிருந்து பாருங்கள். அவை சரியாக இருந்தால் மூடியபடியே அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.